இரண்டு நாள், ஒரு மோட்டார் சைக்கிள், இருவர்: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து லூமுட் வரை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரில்தான் ஊரைச் சொல்கிறார்கள். விடியலில் தோட்டத்துக்கு, பிறகு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட, மாலையில் எரிவாயுத் தோம்பு வாங்க என்று எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். அதில் கணவனும் மனைவியும் ஊர் பார்க்கக் கிளம்பலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் எளிதில் வருவதில்லை. நானும் என் கணவரும் வார இறுதியில் கடலோரச் சாலையில் பேராக் மாநிலத்து லூமுட் வரை போய் வருகிறோம் என்று தெரிந்த பிறகு, கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் பலர் கேட்ட கேள்விகள் இவை. பின்னால் உட்கார்ந்து போகிறவள் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன். இருவர் போகும் பயணத்தின் வேகத்தையும் நிறுத்தங்களையும் பின்னால் இருப்பவரே தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த வழியாகப் போகிறீர்கள்?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து சிலாங்கூர் ஆற்றை ஒட்டி கோல சிலாங்கூர் வரை அரை மணி நேரம். அங்கே கூட்டரசு சாலை 5 கிடைக்கிறது. ஜொகூரின் ஸ்கூடாயில் தொடங்கி மேற்குக் கரையோரமாகவே ஏறி ஈப்போ வரை போகும் சாலை இது. நாங்கள் அதில் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறோம்: தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார், சபாக் பெர்ணாம், ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், சித்தியவான். சித்தியவானிலிருந்து லூமுட் பக்கம்தான். வீட்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். எங்கும் டோல் கிடையாது.

மேற்குக் கரை விரைவுச்சாலையின் பல பகுதிகள் திறந்துவிட்டதால் அதில் போனால் நேரம் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். மிச்சம்தான். ஆனால் அந்தச் சாலையில் தேநீர்க் கடை இல்லை, ஆற்றங்கரை இல்லை, கோயில் இல்லை. மழை துரத்தும்போது வீடு திரும்ப அது உதவும். ஊர் பார்க்கப் புறப்பட்டவர்கள் பழைய சாலையிலேயே போக வேண்டும்.

கடலோரச் சாலை என்கிறீர்கள், வழியெல்லாம் கடல் தெரியுமா?

தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் தஞ்சோங் காராங் தாண்டியதும் பின்னாலிருந்து முணுமுணுப்பு கேட்கும். மேற்குக் கரை சேற்றுக் கரை. கடலுக்கும் சாலைக்கும் நடுவே கண்டல் காடும் தென்னந்தோப்பும் கம்பத்து (கிராமத்து) வீடுகளும் இருக்கின்றன. கடல் வேண்டுமானால் சிறு சாலையில் இடப்பக்கம் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

வழியெல்லாம் கிடைப்பது ஆற்றுமுகங்கள். சிலாங்கூர் ஆறு, தெங்கி ஆறு, பெர்ணாம் ஆறு, பேராக் ஆறு என்று பாலத்துக்குப் பாலம் தண்ணீரின் நிறமும் படகுகளின் கூட்டமும் மாறுகின்றன. பாலம் ஏறும்போது வண்டி வேகம் குறைய வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். பெர்ணாம் ஆறுதான் சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லை; அதைக் கடந்ததும் என் கணவர் ஹாரனை ஒருமுறை அழுத்துவார், நான் அவர் தோளில் தட்டுவேன்.

மணலும் அலையும் உள்ள கடல் லூமுட்டை அடுத்த தெலுக் பாத்தேக்கில் கிடைக்கும். மேற்குப் பார்த்த கடற்கரை, சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க ஆறுகளையே பார்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த மாலை பெரிய விருந்து.

எங்களிடம் இருப்பது சின்ன மோட்டார். அது தாங்குமா?

தாங்கும். எங்களுடையதும் 135 சிசி வண்டிதான். தினமும் தோட்டத்து மண்பாதையில் ஓடுகிற வண்டிக்குத் தார்ச்சாலை ஒரு சோதனையே இல்லை. இருவரும் ஒரு பையும் ஏறும்போது என்ன மாறுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டிலோ செயின் உறை அருகே ஒட்டியிருக்கும் சீட்டிலோ இருக்கும். தனியாள், இருவர் என்று பிரித்தே அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர்களில் அந்தச் சீட்டின் மேல் சேறு அப்பியிருப்பதால் யாரும் படிப்பதில்லை. காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் அடிக்க வேண்டும். செயினின் தளர்ச்சியையும் புறப்படுவதற்கு முன்தினமே பட்டறையில் பார்த்துவிடுங்கள். பின்னால் ஆள் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முன்விளக்கின் ஒளி மேலே தூக்கும், எதிரே வருபவர் கண் கூசும். விளக்கைச் சற்றுக் கீழே திருப்பிக்கொள்ள ஒரு திருகு இருக்கிறது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் மலேசியாவில் மோட்டார் சைக்கிள்களுக்குச் சட்டம்.

நிறுத்தும் தூரமும் கூடும். தனியாகப் போகும்போது பழகிய இடைவெளி இருவருக்குப் போதாது. முன்னால் போகும் காரிலிருந்து இன்னும் ஒரு காரளவு பின்தங்கிப் போகச் சொல்லுங்கள்.

சின்ன வண்டியின் பெட்ரோல் தொட்டி நான்கு லிட்டர் அளவுதான். பாதி காலியானதுமே நிரப்பிவிடுவோம். இந்தச் சாலையில் ஊருக்கு ஊர் பெட்ரோல் நிலையம் இருப்பதால் கவலையில்லை. எண்ணெய் போடும் நிறுத்தமே எனக்கு இடுப்பை நிமிர்த்தும் நேரமும்கூட.

லைசென்ஸ், சாலை வரி?

250 சிசி வரையிலான வண்டிக்கு பி2 லைசென்ஸ் போதும். எல் லைசென்ஸ் (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது. சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்கின்றனவா என்பதை சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் பார்த்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம், அதுவும் சிரிம் தர முத்திரை உள்ளது.

பின்னால் உட்காருபவர் என்ன உடுத்த வேண்டும்?

சேலை வேண்டாம், நீளத் துப்பட்டாவும் வேண்டாம். அம்மாமார்களுக்கு இதைச் சொன்னால் வருத்தப்படுகிறார்கள், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். முந்தானையும் துப்பட்டா நுனியும் பின் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தை இழுக்கும், ஆளைக் கீழே தள்ளும். தெலுக் இந்தானில் கோயிலுக்குப் போக வேண்டுமா? சேலையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கணுக்கால் மூடும் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. ஜப்பான் செருப்பு (ரப்பர் செருப்பு) வேண்டவே வேண்டாம். பல வண்டிகளில் புகைக்குழாய் வலப்பக்கம் இருப்பதால், அந்தப் பக்கம் இறங்கினால் கெண்டைக்கால் சுடும். தோட்டத்தில் வளர்ந்த பெண்கள் பலருக்கு அந்தத் தழும்பு உண்டு. எப்போதும் இடப்பக்கமாக ஏறி இடப்பக்கமாகவே இறங்குங்கள். சடையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், வெளியே விட்டால் காற்று அதைக் கயிறாகத் திரித்துவிடும்.

மழைச்சட்டை வாங்கினால் மேல் கீழ் இரண்டு துண்டாக உள்ளதை வாங்குங்கள். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் அகலமான உறை காற்றில் விரிந்து சக்கரத்துக்குப் போகும்.

ஒரு பக்கமாக உட்காரலாமா?

கூடாது. கடைத்தெருவுக்கு அப்படிப் போய்ப் பழகியவர்களும் இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?

கத்திப் பேசினால் ஓட்டுபவர் தலையைத் திருப்புவார், அது ஆபத்து. அதனால் கையால் பேசுகிறோம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் அடுத்த கடையில் நிறுத்துங்கள். முதுகில் உள்ளங்கையை அழுத்தினால் உடனே ஓரம் கட்டுங்கள். அவர் பக்கத்திலிருந்து ஒன்றுதான்: இடது கையால் என் முழங்காலைத் தொட்டால் முன்னே பள்ளம், பிடித்துக்கொள் என்று பொருள்.

ஏறுவதும் இறங்குவதும் சொல்லிவிட்டுத்தான். வண்டி நின்றுவிட்டதே என்று நான் இறங்கமாட்டேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, “இறங்கம்மா” என்று அவர் சொன்ன பிறகே இறங்குவேன். ஏறிய பிறகு “சரிங்க” என்று நான் சொல்லாமல் அவர் கிளட்சையோ கியரையோ தொடமாட்டார். வளைவில் அவர் சாயும் பக்கத்துத் தோளுக்கு மேலே நான் பார்ப்பேன், உடம்பு தானாக அளவாகச் சாயும். எதிர்ப்பக்கம் நிமிர்ந்துகொண்டால் வண்டி வளைவை விட்டு வெளியே போகப் பார்க்கும்.

லாரிகளைப் பார்த்தால் பயமாக இல்லையா?

பயம் நியாயமானது. இந்த நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதை மறைத்துவிட்டு வாருங்கள் வாருங்கள் என்று அழைக்க எனக்கு மனமில்லை.

என் கணவர் பல காலம் செம்பனைப் (எண்ணெய்ப்பனை) பழக்குலை லாரி ஓட்டியவர். அவர் சொல்வது இது: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீ தெரியவில்லை. லாரியின் இடப்பக்கம் நுழைந்து முந்தவே கூடாது, அவர் தோட்டத்து முனையில் இடப்பக்கம் திரும்பும்போது நசுங்கிப் போவோம். பெரிய லாரி எதிரே கடக்கும்போது முதலில் காற்று தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். அப்போது பின்னால் இருப்பவர் முழங்காலை வண்டியோடு ஒட்டி, உடம்பை அசைக்காமல் இருக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களின் வாசலில் இன்னொரு ஆபத்து கிடக்கிறது. லாரியிலிருந்து சிதறும் உதிரிப்பழங்கள் டயர்களில் நசுங்கிச் சாலையில் எண்ணெயாகப் படிந்திருக்கும். கருஞ்சிவப்பாக, பளபளவென்று, திருப்பத்தில் சரியாக நம் சக்கரம் போகும் இடத்தில் இருக்கும். முதல் தூறல் விழுந்ததும் அதன் மேல் எதுவும் நிற்காது. அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல், நேராகக் கடந்துவிட வேண்டும்.

இந்தப் பயிர் எங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் வணிக அளவில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமாரம் தோட்டத்தில். ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார் என்று பதிவில் இருக்கிறது. குழி வெட்டிய கைகளின் பெயர்கள் பதிவில் இல்லை. லூமுட் வரை சாலையின் பெரும்பகுதியில் செம்பனை நிழல் கூடவே வரும்போது எனக்கு அந்தக் கைகளின் நினைவு வரும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் புறப்படுவது?

விடிந்த பிறகு புறப்பட்டு, இருட்டுவதற்குள் அறையில் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் மதியத்துக்குள் தெலுக் இந்தானைத் தாண்டிவிடப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை இன்னொரு வகை உண்டு: சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் பலத்த காற்றோடு வரும் மழை. மேற்கே வானம் கறுத்துத் திரண்டிருந்தால் பேசாமல் இன்னொரு தேநீர் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

பெருநாள் காலம் வேண்டாம். சாலையில் நெரிசல், லூமுட்டில் அறையும் கிடைக்காது.

வழியில் எங்கெல்லாம் நிற்க வேண்டும்?

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி. வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தே ஏறுங்கள். 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றுக் கோட்டையைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகளும் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இன்னும் நிற்கின்றன. நான் ஏறுவது குரங்குகளுக்காக. சாம்பல் முடி கொண்ட சாதுவான இலைக்குரங்குகள். குட்டி மட்டும் பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தாயின் சாம்பல் மார்பில் அது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நகர மனம் வராது. நீண்ட வால் குரங்குகள் வேறு ரகம், வண்டியில் மாட்டிய பையைத் திறக்கத் தெரிந்தவை.

காலைப் பசியாறுவதைத் தஞ்சோங் காராங்கில் வைத்துக்கொண்டால், செகிஞ்சான் வயல்களை வெயில் ஏறுவதற்கு முன் பார்க்கலாம். செகிஞ்சானுக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். வாய்க்கால் ஓரமாக நேர்க்கோடு போட்ட சிறு சாலைகள், இரண்டு பக்கமும் நெல். ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை பெரும்பாலும் மே, ஜூன் வாக்கிலும் நவம்பர், டிசம்பர் வாக்கிலும் வரும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் போனால் முழுப் பச்சை, அறுவடைக்குச் சற்று முன்னால் போனால் பொன்னிறம். எனக்குப் பச்சைதான் பிடிக்கும். ஓரிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். நெல்லின் மேல் காற்று ஓடும் சத்தம், வாய்க்காலில் நாரை கால் வைக்கும் சத்தம், தூரத்தில் உழவு இயந்திரம். மலேசியத் தமிழர்களான நாம் பால்மரத்துக்கும் (ரப்பர்) செம்பனைக்கும் நடுவே வளர்ந்தவர்கள். பொங்கல் பானையில் இடும் அரிசி வயலில் நிற்பதை நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை. வயல் விவசாயிகளின் பிழைப்பு, ஆகவே வண்டியை வரப்பில் ஏற்றாதீர்கள், அறுவடை லாரிக்கு வழி விடுங்கள்.

அங்கிருந்து ரெடாங் கடற்கரை பக்கம்தான். சிவப்பு நாடாக்கள் தொங்கும் வேண்டுதல் மரம் இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். சுங்கை பெசாரிலும் சபாக் பெர்ணாமிலும் நாங்கள் நிற்பதில்லை.

தெலுக் இந்தானில் மதியச் சாப்பாடு, பிறகு சாய்ந்த கோபுரம். 1885இல் லியோங் சூன் சோங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டிய தண்ணீர்க் கோபுரம் அது. 25.5 மீட்டர் உயரம். வெளியே எட்டு மாடி போலத் தோன்றும், உள்ளே மூன்றுதான். ஆற்றோர மண் இளகியது, பாரம் தாங்காமல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஊரின் தண்டாயுதபாணி கோயில் சித்திரா பௌர்ணமிக்குப் பெயர் பெற்றது. அந்த நேரத்தில் போனால் ஊரே திரண்டிருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ஆனாலும் போகலாம்.

சித்தியவானில் கொம்பியாங் ரொட்டியைச் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். 1903இல் வந்து குடியேறிய ஃபூச்சோவ் சீனர்களின் பலகாரம். லூமுட் அறையில் இரவுத் தேநீருக்குப் பொருத்தமாக இருக்கும்.

பங்கோர் தீவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இரண்டே நாளில் வேண்டாம். லூமுட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரப் படகில் போய்விடலாம் என்பது உண்மைதான். ஆனால் தீவில் இறங்கியதும் நேரம் பறக்கும்: 1670இல் கட்டப்பட்ட டச்சுக் கோட்டை, கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயில், கருவாட்டுக் கடைகள். கடைசிப் படகைப் பிடித்து வந்து 200 கிலோமீட்டர் ஓட்டுவது அறிவுடைமை அல்ல. திங்கட்கிழமையும் விடுமுறையாக இருந்தால் தாராளமாகப் போங்கள். மாசி மகத்துக்கு அந்த அம்மன் கோயிலில் பெருங்கூட்டம் கூடும்.

மின்மினிப்பூச்சிகளை எந்த நாளில் பார்ப்பது?

வேறொரு நாளில். மின்மினிகள் மின்னும் கம்போங் குவாந்தான் நம் ஊருக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவில்தானே இருக்கிறது, ஞாயிறு திரும்பும் வழியில் பார்த்துவிடலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நாள் முழுக்க ஓட்டிக் களைத்த கண்ணோடு இருட்டில் அந்த ஆற்றோரச் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது. தனியாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை போங்கள், அமாவாசையை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும் பூச்சிகள் அவை. அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை கெட்டால் நத்தை போகும், நத்தை போனால் விளக்கும் அணைந்துவிடும். படகில் கேமராவின் பளிச்சொளியைத் தயவுசெய்து போடாதீர்கள். பக்கத்தில் குடியிருந்தும் இதைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது?

பின்னால் இருப்பவர் கேட்கும்போதெல்லாம். ஓட்டுபவருக்குக் கைப்பிடி இருக்கிறது, சாலை தெரிகிறது, வேலை இருக்கிறது; அவருக்கு நேரம் போவதே தெரியாது. பின்னால் இருப்பவருக்கு இடுப்பும் தொடையும் முக்கால் மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிடும். பெண்கள் கழிப்பறையை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பெட்ரோல் நிலையங்களிலும் பள்ளிவாசல்களின் வெளிப்புறத்திலும் கழிப்பறைகள் இருக்கின்றன. நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

சட்டப்படி இந்தச் சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகலாம். நாங்கள் 70ஐத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் சாலையோர மாம்பழக் கடையின் விலைப்பலகையைக்கூட என்னால் படிக்க முடிகிறது.

முதல் முறையே லூமுட் வரை போக வேண்டுமா?

வேண்டாம். செகிஞ்சான் வரை போய் அன்றே திரும்புங்கள். போகவர 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அன்று இரவு யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பேசிக்கொண்டால், அடுத்த பயணத்துக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வழியில் வண்டி பழுதானால்?

ஊருக்கு ஊர் மோட்டார் பட்டறை உண்டு, ஆனால் ஞாயிறு பிற்பகலில் பல மூடியிருக்கும். உள்டியூப் உள்ள வண்டியானால் ஒரு புது டியூபும், ஒரு ஸ்பார்க் பிளக்கும், திருகு சாவிகளும் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். டியூப் இருந்தால் கம்பத்தில் யாராவது மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். அவசரத்துக்கு 999. பழுது பார்க்கும்போது வண்டியைச் சாலை விளிம்பில் நிறுத்தாமல் புல்வெளிக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

மாமனார் மாமியார் சம்மதிப்பார்களா? ஊர் பேசாதா?

என் மாமியார், “வேலைக்குத்தான் தினமும் மோட்டாரில் போகிறீர்களே, லீவிலும் அதில்தானா?” என்றுதான் கேட்டார். “வேலைக்குப் போகும்போது வழியைப் பார்க்க முடிவதில்லையே அத்தை” என்றேன். எந்த ஊரில் தங்குகிறோம், எத்தனை மணிக்குப் போன் செய்வோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் பாதிக் கவலை தீரும். பெரெம்பாங் மரம், சாய்ந்த கோபுரம், நெல் வயல் என்று படங்களைக் காட்டியதும் மீதியும் தீர்ந்தது. இப்போது கருவாட்டுக்குப் பட்டியல் கொடுத்து அனுப்புகிறார்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது?

ஞாயிறு மாலையே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். தெலுக் பாத்தேக் காற்றிலும் மணலிலும் உப்பு உண்டு, செயினையும் ஸ்போக் கம்பிகளையும் அது அரிக்கும். உலர்ந்ததும் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பின் டயரின் காற்றைத் தனியாள் அளவுக்குக் குறையுங்கள், முன்விளக்கின் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். திங்கட்கிழமை விடியலில் அதே வண்டி தோட்டத்துக்குப் போக வேண்டும்.